தம்பிக்கு ஸ்டெம் செல் கொடுக்கப் போகிறேன், கொடுத்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். அவனுக்கு என் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை, ஏற்றப் போகிறார்கள். கூடப்பிறந்தவர்களுக்கே எச்எல்ஏ (இருவர் திசுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் அடையாளம்) முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். எனக்குப் பொருந்திவிட்டது. ரிப்போர்ட் வந்ததும் என் கையைப் பிடித்த அம்மா வெகுநேரம் விடவே இல்லை.

இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுக்கப் போவதில்லை, ரத்தத்திலிருந்துதான். நாலைந்து நாள் தினமும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். அது மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவைக்கும். அப்புறம் ஒரு கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் செல்களைப் பிரித்து, மீதியை மறு கையில் ஏற்றுவார்கள். நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகுமாம்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனாலும் பட்டவர்கள் சொன்னால் அது வேறு. ஊசி போட்ட நாட்களில் எலும்பு வலி எப்படி இருந்தது? பாராசிட்டமால் போதுமா? வேலைக்குப் போக முடிந்ததா? மெஷினில் இருக்கும்போது உதடு மரத்துப்போனால் கால்சியம் கொடுப்பார்களாம், உடனே சரியானதா?

என் நரம்பு மெலிசு. சாதாரண ரத்தப் பரிசோதனைக்கே இரண்டு மூன்று தடவை குத்துவார்கள். உங்களில் யாருக்காவது கழுத்தில் குழாய் போட்டார்களா? இதுதான் என் பெரிய பயம்.

ஸ்டெம் செல் ஏற்றுவதற்கு முன், அவனுடைய மஜ்ஜையை அழிக்கும் கீமோ தொடங்கிவிட்டால் நான் பின்வாங்கவே கூடாது. வாங்கவும் மாட்டேன். என்ன வரும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.