மிட்ஃபீல்டுல யாரை இறக்கலாம்?

ஞாயித்துக்கிழமை கேலிக் ஃபுட்பால் (அயர்லாந்தோட ஃபுட்பால்) சாம்பியன்ஷிப் மேட்ச், நம்ம கவுண்டி டீமோட மிட்ஃபீல்டர் ரெண்டு பேருக்குமே ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) பிடிச்சிருக்கு. போன மேட்ச்ல ஒருத்தர் பந்தைப் பிடிச்சு இறங்கினதும் பின்தொடையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு, பாக்கவே மனசு கேக்கல. பாதி குணமானவரை ஆட வைக்கலாமா, இல்ல புதுப் பையனை நம்பலாமா?

பதில் 1:
பாதி குணமானவரை ஆரம்பத்துலயே இறக்க வேணாம் ப்ரோ. ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி போச்சுன்னா சீசனே போச்சு. மேட்சுக்கான 26 பேர் பேனல்ல (டீம் லிஸ்ட்ல) வச்சுக்கலாம், கடைசி 15 நிமிஷத்துக்கு இறக்கலாம், ஆனா சப் மொத்தமே 5 தான், ஒண்ணை வீணாக்கக் கூடாது.

பதில் 2:
எனக்கு கவலையே கிக்அவுட் (கோலி பந்தை அடிச்சு ஆட்டத்தை மறுபடி தொடங்குறது) தான். 2025ல வந்த ரூல்படி கோலி அடிக்கிற பந்து 40 மீட்டர் ஆர்க்கை (கோலுக்கு முன்னாடி இருக்கிற வளைவுக் கோடு) தாண்டணும், அப்போ நடுவுல எம்பிப் பிடிக்க உயரமான ஆள் இல்லாம எப்படி? ஃபுல் ஃபார்வர்டை (எதிரணி கோல் பக்கத்துல ஆடுறவரை) நடுவுக்குக் கொண்டு வாங்க.

பதில் 3:
2014ல கெர்ரி கவுண்டியோட ஸ்டார் ஃபார்வர்டு கோல்ம் கூப்பர் முழங்கால் அடிபட்டு சீசன் முழுக்க இல்ல, இருந்தும் கெர்ரி தான் ஆல் அயர்லாந்து சாம்பியன்ஷிப் ஜெயிச்சாங்க, அந்த சீசன்ல பெரும்பாலும் பெஞ்சுலேயே இருந்த அவங்க ஆளு டோனகி ஃபைனல்ல கோல் போட்டாரு. அந்தப் பையனை நம்புங்க அண்ணா.