பாட்டியின் அறைக்குச் சத்தமில்லாத கார்டு

வாட்ஸ்அப் குழு: மணச்சநல்லூர் வீடு

ஞாயிறு, இரவு 9.40

கயல்: 🔊 குரல் பதிவு (0:48)

கயல்: எல்லாரும் ஹெட்ஃபோன் போட்டு ஒரு முறை கேளுங்கள். பாட்டி நேற்று ராத்திரி சொன்ன பொன்னர் சங்கர் கதை. படுகளத்தில் தங்காள் அழுகிற இடம். பின்னால் ஓர் இரைச்சல் கேட்கிறதா?

செல்வி அத்தை: கேட்கிறது கண்ணு. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி. அம்மா குரல் இறங்குகிற இடத்தில் ஒன்றுமே புரியவில்லை.

கயல்: அதுதான் அத்தை கவலை. அது என் கம்ப்யூட்டர். கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிற சின்ன விசிறி. ராத்திரி பிளெண்டர் என்கிற அனிமேஷன் மென்பொருளில் ரெண்டர் போட்டால், அதாவது காட்சியைப் படமாக்கவிட்டால், விடியும்வரை கத்தும். 4 ஜிபி மெமரியும் போதவில்லை. கொம்பன் பன்றி வருகிற காட்டுக் காட்சி பாதியில் நின்றுவிடுகிறது. கார்டை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். முரளி அண்ணா, சத்தமே வராத கார்டு எது? 30,000 வரை போகலாம்.

பாலு சித்தப்பா: அம்மா கதை சொல்லும்போது கம்ப்யூட்டரை நிறுத்திவிடலாமே. இதற்கு எதற்கு 30,000?

கயல்: எப்போது ஆரம்பிப்பார் என்று யாருக்குத் தெரியும் சித்தப்பா? உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று தொடங்கிவிடுவார். நான் எழுந்து போய் மவுஸைத் தொட்டால் "உனக்கு வேலை இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்று நிறுத்திக்கொள்வார். அந்த அப்புறம் வருவதே இல்லை. கட்டில் பக்கத்தில் ரெக்கார்டர் எப்போதும் தயாராக இருக்கிறது, பட்டனைத் தட்டினால் போதும். அவர் தூங்குவதும் அதே அறையில்தான்.

செல்வி அத்தை: மேலே ஓடுகிற ஃபேன் சத்தம் வராதா?

கயல்: அவருக்குக் காற்று ஆகாது அத்தை. சித்திரையில்கூட ஃபேன் போட விடமாட்டார். கம்ப்யூட்டர் மட்டும் அடங்கிவிட்டால் அந்த அறை அவ்வளவு அமைதி.

பாலு சித்தப்பா: பதிவு செய்த பிறகு இரைச்சலை எடுத்துவிட முடியாதா?

கயல்: ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டரில் எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் பாட்டி தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. வரி முடிவில் அவர் விடுகிற மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. கதையே அந்த மூச்சில்தான் இருக்கிறது.

திங்கள், காலை 7.15

முரளி: கயல், கார்டு பெயர் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடி. செய்தித்தாளைக் குழாய் மாதிரி சுருட்டி ஒரு முனையைக் காதில் வை, இன்னொரு முனையைக் கேபினெட்டில் ஒவ்வோர் இடமாக நகர்த்து. கார்டு, சிபியு விசிறி, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க், நான்கும் தனித்தனியாகக் கேட்கும். அப்புறம் யாரும் பேசாமல் 30 வினாடி வெறும் அறையைப் பதிவு செய். கம்ப்யூட்டர் அணைத்து ஒன்று, சும்மா ஓடும்போது ஒன்று, ரெண்டர் ஓடும்போது ஒன்று. ரெக்கார்டரை நகர்த்தாதே, அதன் பதிவு அளவையும் மாற்றாதே.

திங்கள், இரவு 10.05

கயல்: செய்துவிட்டேன் அண்ணா. எண் கீழே போகப் போக அமைதி. அணைத்திருந்தால் -64 டெசிபல். சும்மா ஓடினால் -56. ரெண்டர் ஓடினால் -47. கார்டு விசிறிதான் குற்றவாளி. பேரிங் தேய்ந்து கிர்ர் என்று ஒரு சத்தமும் சேர்ந்து வருகிறது.

முரளி: நல்லது, இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்க வேண்டாம். ஆடியோ புத்தகம் வெளியிடுகிற ஏசிஎக்ஸ் தளம், யாரும் பேசாத இடத்தில் இரைச்சல் -60க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நமக்கும் அதுவே இலக்காக இருக்கட்டும். ரெண்டர் ஓடும்போதே -60.

முரளி: உன்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-இல் வந்தது, 75 வாட்தான். அதாவது வெப்பம் அதிகம் என்பதால் அது கத்தவில்லை. சூட்டை இறக்குகிற அலுமினியத் துண்டு, அதாவது ஹீட்சிங்க், சின்னது, விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. அதனால்தான் தலைதெறிக்கச் சுற்றுகிறது.

பாலு சித்தப்பா: விசிறியே இல்லாத கார்டு வருகிறது என்று அலுவலகத்தில் ஒரு பையன் சொன்னான். அதை வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லையே?

முரளி: உண்மைதான் சித்தப்பா. பாலிட் கால்ம்எக்ஸ் என்று ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டில் விசிறி இல்லாத வகை 2024-இல் வந்தது. 70 வாட், தனி பவர் வயர்கூட வேண்டாம், மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுத்துவிடும். ஏசி அறையில், எப்போதாவது வேலை செய்கிறவருக்கு நான் தயங்காமல் அதைச் சொல்வேன். ஆனால் 70 வாட் வெப்பம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? கேபினெட் விசிறி அதைத் தள்ள வேண்டும். மே மாதத்தில், ஃபேன் போடாத அந்த அறையில், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடினால் கார்டு சுட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இல்லையென்றால் கேபினெட் விசிறியை வேகமாக ஓட்ட வேண்டும். சத்தம் போகாது, இடம் மாறும்.

கயல்: அப்படியானால் விசிறி உள்ளதில் எது அண்ணா?

முரளி: கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். ஆகவே விசிறி இல்லாத கார்டைத் தேட வேண்டாம், விசிறிக்கு அதிக வேலை வைக்காத கார்டைத் தேடு. குறைந்த வாட் சிப், அதன் மேல் தேவைக்கு மிஞ்சின ஹீட்சிங்க், பெரிய விசிறி இரண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 இதற்குச் சரியாக வரும். 115 வாட், 8 ஜிபி. பிளெண்டரில் ஆப்டிக்ஸ் என்கிற அமைப்பைப் போட்டால் ரே டிரேசிங்குக்கென்றே, அதாவது ஒளி போகிற வழியைக் கணக்கிடவென்றே, உள்ள பகுதி வேலை செய்யும், உன் பழைய கார்டில் அது கிடையாது. ரெண்டர் சீக்கிரம் முடியும், முடிந்தால் விசிறி நின்றுவிடும்.

முரளி: ஒன்றை மட்டும் மறக்காதே. அதே 4060-ஐ ஒற்றை விசிறி வைத்துக் குட்டியாகவும் விற்கிறார்கள். விலை கொஞ்சம் குறையும். சிப் அதேதான், 115 வாட்டும் அதேதான், வெப்பம் இறங்குகிற இடம் மட்டும் பாதி. அதை வாங்கினால் பழைய கதை திரும்பிவிடும்.

செல்வி அத்தை: சின்ன வாணலியில் பெரிய சமையல் மாதிரியா முரளி?

முரளி: அதேதான் அத்தை.

கயல்: கேபினெட்டில் இடம் இருக்குமா? பவர் வயர்?

முரளி: ஸ்கேல் வைத்து அள. பின் தகட்டிலிருந்து முன்னால் ஹார்டு டிஸ்க் கூண்டு வரை. 25 செ.மீ. இருந்தால் இரட்டை விசிறிக் கார்டுகள் பலவும் உட்கார்ந்துவிடும், ஆனாலும் வாங்குகிற கார்டின் நீளத்தைப் பெட்டியில் பார்த்துக்கொள். நான் போட்டுக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் 550 வாட், என்விடியா கேட்பதும் அவ்வளவுதான். 6+2 பின் வயர் ஒன்றை உள்ளே சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறேன், அதைச் சொருகு.

கயல்: 27 செ.மீ. இருக்கிறது 🙂

செவ்வாய், மாலை 6.30

பாலு சித்தப்பா: சென்னை ரிச்சி தெருவில் நிற்கிறேன். கடைக்காரர் 4060 எதற்கு, 5060 புதுசு, அதை எடுங்கள் என்கிறார். முரளி, சீக்கிரம் சொல்.

முரளி: 5060 நல்ல கார்டு, வேகமும் கூட. ஆனால் 145 வாட். 30 வாட் கூடுதல் வெப்பம் பாட்டியின் கட்டில் பக்கத்தில் எதற்கு? இரட்டை விசிறி 4060 இருந்தால் அதையே கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் 5060 எடுங்கள், பவரைக் குறைத்து ஓட்டிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், இரண்டும் முக்கியம்.

பாலு சித்தப்பா: 4060 இருக்கிறது. இரண்டு விசிறி, ஹீட்சிங்க் கார்டை விட நீட்டிக்கொண்டிருக்கிறது.

முரளி: அதுதான் வேண்டும். இன்னொன்று சித்தப்பா, சத்தம் வந்தால் மாற்றித் தருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சில கார்டில் காயில் சீழ்க்கை அடிக்கும், ஈ பறக்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். விசிறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மாடலில் ஒன்று அடிக்கும், ஒன்று அடிக்காது, பெட்டியில் எழுதியிருக்காது. முன்பு நான் வாங்கிய ஒன்று அப்படித்தான். கார்டு ஓடுகிறதே என்று சொல்லிக் கடையில் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் அந்தச் சத்தத்தோடு வேலை செய்தேன்.

பாலு சித்தப்பா: 7 நாளுக்குள் மாற்றித் தருகிறேன் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை ராக்ஃபோர்ட் ரயிலில் கிளம்பி சனிக்கிழமை காலையில் கொண்டு வருகிறேன் கயல். என் பங்கு 10,000, மறுக்கக் கூடாது. அது என் அம்மா குரல்.

செல்வி அத்தை: என் பங்கும் 10,000. எனக்கும் அம்மாதான்.

சனி, பிற்பகல் 3.20

கயல்: மாட்டியாயிற்று. சும்மா இருக்கும்போது இரண்டு விசிறியும் சுற்றவே இல்லை. முதலில் பயந்துவிட்டேன்.

முரளி: அது அப்படித்தான். சூடு ஏறினால்தான் சுற்றும். சீழ்க்கை?

கயல்: காதை ஒட்டி வைத்தால் லேசாக. கட்டிலில் உட்கார்ந்தால் இல்லை. ஆனால் வேறு தொல்லை அண்ணா. பிரவுசரில் வீடியோ ஓடினால் விசிறி ட்ர்ர் என்று கிளம்புகிறது, அரை நிமிடத்தில் நிற்கிறது, மறுபடி கிளம்புகிறது. ஒரே மாதிரி ஓடினால்கூடத் தேவலை.

முரளி: நின்று நின்று ஓடுவதைத்தான் காது பிடித்துக்கொள்ளும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற மென்பொருளைப் போடு. எவ்வளவு சூட்டுக்கு விசிறி எவ்வளவு வேகம் என்கிற கோட்டை நீயே வரைந்துகொள்ளலாம். 60 டிகிரி வரை நிற்கட்டும், கிளம்பினால் 50-க்கு இறங்கும்வரை மெதுவாகச் சுற்றட்டும். 75 டிகிரி வரை கோட்டைத் தட்டையாக வை. அப்புறம் பவர் லிமிட், அதாவது கார்டு குடிக்கிற கரண்டின் வரம்பு, 75 சதவீதம். வேகம் கால்வாசி குறையும் என்று பயப்படாதே, அதைவிட மிகக் குறைவாகத்தான் குறையும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் சிப் அவ்வளவு கரண்ட் குடிக்கிறது.

சனி, இரவு 8.10

கயல்: ரெண்டர் ஓடுகிறது. 67 டிகிரி, அதற்கு மேல் ஏறவில்லை. ஒரு ஃப்ரேம் 4 நிமிடம் 10 வினாடி எடுத்தது, இப்போது 34 வினாடி. கொம்பன் காட்சியும் நிற்காமல் முடிந்தது! ஆனால் இதுவரை கேட்காத ஒரு ம்ம்ம் சத்தம் கேட்கிறது.

முரளி: ஹார்டு டிஸ்க். இத்தனை நாள் கார்டு சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. ஒன்று அடங்கினால் அடுத்தது தலை காட்டும். திருகைக் கழற்றி, தகட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் ரப்பர் வாஷர் போட்டு மறுபடி மாட்டு. இரும்பு அதிர்வதுதான் அந்த ம்ம்ம்.

கயல்: ரப்பர் போட்டாயிற்று. ரெண்டர் ஓடும்போதே -61.

முரளி: 👏 போதும். இனி எதையும் தொடாதே.

ஞாயிறு, காலை 6.50

கயல்: 🔊 குரல் பதிவு (3:12)

கயல்: நேற்று ராத்திரி பத்தரைக்கு அவராகவே ஆரம்பித்தார். ரெண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே படுகளம், தங்காள் அண்ணன்மாரைத் தேடிக்கொண்டு போகிற இடம். நான் எழவே இல்லை.

செல்வி அத்தை: ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது கண்ணு. 1:20-இல் டொக் டொக் என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன? கம்ப்யூட்டரா?

கயல்: உரல் அத்தை. வெற்றிலை இடிக்கிறார்.

பாலு சித்தப்பா: தங்காள் பெயர் வரும்போது இடிப்பதை நிறுத்துகிறார். கேளுங்கள், 2:05.

செல்வி அத்தை: கேட்டேன்டா. அப்பா இறந்த வருஷமும் அந்த இடத்தில் அப்படித்தான் நிறுத்துவார்.