ஏற்காட்டுக் காபியைப் பற்றிக் கேட்டால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் வருகிறது: கூகுள் அலர்ட்ஸ் அமைப்பில் உதவி தேவை

கேள்வி: மிளகுக்கொடி

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் அராபிகா காபித் தோட்டம் இருக்கிறது; நிழல் மரங்களில் மிளகும் ஏற்றியிருக்கிறோம். அப்பா மலையில் இருந்து தோட்டத்தைப் பார்க்கிறார். நான் சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். காபி விலை, காபிச் செடியைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் வண்டு, காபி வாரியத்தின் மானிய அறிவிப்புகள் ஆகியவற்றைப் பற்றி எது புதிதாக வெளிவந்தாலும் மின்னஞ்சலில் தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணி, ஆறு மாதங்களுக்கு முன்பு கூகுள் அலர்ட்ஸில் மூன்று தலைப்புகளைப் பதிந்து வைத்தேன். தமிழில் மேற்கோள் குறிக்குள் "ஏற்காடு" என்றும், தனியாகக் காப்பி என்றும், ஆங்கில எழுத்தில் சேலம் காபி என்றும் கொடுத்திருந்தேன்.

நேற்றுக் காலை வந்தவற்றை அப்படியே சொல்கிறேன். முதல் தலைப்பில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரயிலின் நேர மாற்றம், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வேன் கவிழ்ந்த செய்தி, ஒரு தங்கும் விடுதியின் விளம்பரம் ஆகியவை இருந்தன. இரண்டாவதில் தேர்வில் காப்பியடித்துப் பிடிபட்ட மாணவர்களும், கதை காப்பி என்று எழுந்த ஒரு திரைப்படப் புகாரும் வந்திருந்தன. மூன்றாவதில் வந்த ஐந்து இணைப்புகளும் அமெரிக்காவில் உள்ள சேலத்தைப் பற்றியவை. 1692ஆம் ஆண்டுச் சூனியக்காரி விசாரணைகளால் பெயர்பெற்ற ஊர் அது. அக்டோபர் மாதம் முழுவதும் அங்கே திருவிழாக் கூட்டமாம், கூட்டத்துக்கு நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். ஆனால், போன வாரம் ஏற்காட்டிலேயே தண்டுத் துளைப்பான் கட்டுப்பாடு பற்றி ஒரு பயிற்சி நடந்திருக்கிறது. முந்தின நாளே நாளிதழின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்திருந்தும், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்லி, முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சேவையின் மேல் குறை சொல்லவில்லை. நான் கேட்கும் விதத்தில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்: கன்னங்குறிச்சிக்காரன்

அண்ணா, அலர்ட்டின் பக்கத்தில் உள்ள பென்சில் குறியைத் தொட்டு, 'ரீஜன்' என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், அமெரிக்கச் சேலம் பெரும்பாலும் நின்றுவிடும். ரயிலை ஒதுக்க, -எக்ஸ்பிரஸ் என்று கழித்தல் குறியைச் சொல்லோடு ஒட்டிப் போடுங்கள். நடுவில் இடம் விட்டால் வேலை செய்யாது.

மிளகுக்கொடி

நன்றி தம்பி. சூனியக்காரிகள் நேற்றோடு போய்விட்டார்கள். ஆனால், தமிழ்த் தலைப்புகளில் ரயிலைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை, வேண்டிய செய்திகள் இன்னும் வரவில்லை.

பதில்: நூலகப் படிக்கட்டு

ஐயா, வேண்டாதது வருவதும் வேண்டியது வராததும் இரண்டு வேறு நோய்கள். கழித்தல் குறி முதல் நோய்க்குத்தான் மருந்து. நூலகத்தில் வாசகர்களுக்குச் செய்தி தேடிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் தவறவிட்ட அந்தச் செய்தியின் தலைப்பை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் "ஏற்காடு" என்ற சொல்லே இருக்காது. "ஏற்காட்டில்" என்றுதான் இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஊர். மேற்கோள் குறிக்குள் ஒரு சொல்லைக் கொடுத்தால், எழுத்துக்கு எழுத்து அதே வடிவத்தைத்தான் தேடு என்று நாம் கட்டளையிடுவதாகப் பொருள். வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் 'டு' என்பது 'ட்டி' ஆகிவிடுகிறது, சொல் கைநழுவிவிடுகிறது. சேலமும் அப்படித்தான், செய்திகளில் பாதி இடத்தில் அது சேலத்தில், சேலத்துக்கு, சேலத்தை என்றே வரும். ஆங்கிலத்தில் ஊரின் பெயர் எந்த இடத்திலும் உருமாறாது என்பதால், அங்கே மேற்கோள் குறி போடு என்று சொல்லப்படும் அறிவுரையைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் இந்த இழப்பு வரும். மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால் தேடுபொறி சில வடிவங்களைத் தானே ஊகித்துக்கொள்ளும் என்றாலும், அதை நம்பி இருக்காமல் வடிவங்களை நாமே எழுதிக் கொடுப்பது நல்லது.

அடுத்தது காப்பி. காபி, காஃபி, காப்பி என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். இவற்றில் 'காப்பி' பானத்தையும் குறிக்கும், பார்த்து எழுதுவதையும் குறிக்கும். அந்தச் சொல்லைத் தனியாக விட்டால் தேர்வுக்கூடத்துக்குள் போய்விடும். அதனால் அதைத் தோட்டத்தோடு கட்டித்தான் அனுப்ப வேண்டும். இங்கே இன்னொரு தொல்லை இருக்கிறது. "காப்பித் தோட்டம்" என்று ஒற்றோடு எழுதுவதுதான் முறை. செய்தித்தளங்கள் பலவற்றில் ஒற்றை விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பார்த்தால் வருத்தப்படுவார் என்றாலும், பிழையான வடிவத்தையும் சேர்த்தே கொடுங்கள், செய்தி எந்த எழுத்துக்கூட்டில் வருகிறதோ அதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

"அல்லது" என்பதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஓ, ஆர் என்று தட்டலாம்; அதற்குப் பதிலாக நெட்டுக்கோடும் போடலாம். நான் சொன்னதைச் சேர்த்தால் உங்கள் முதல் அலர்ட் இப்படி வரும்:

(ஏற்காடு | ஏற்காட்டில் | ஏற்காட்டு | சேர்வராயன்) (காபி | காஃபி | "காப்பித் தோட்டம்" | "காப்பி தோட்டம்") -எக்ஸ்பிரஸ்

சேர்வராயன் என்பது ஏற்காடு இருக்கும் மலையின் பெயர். இரண்டு அடைப்புகளுக்கு நடுவில் எதுவும் போடாவிட்டால், இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பொருள். கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகாதீர்கள். மலர்க் கண்காட்சித் திடலில் காபி விவசாயிகளுக்கு ஓர் அறிவிப்பு வந்தால் அதுவும் சேர்ந்து கழிந்துவிடும். செய்தித்தளங்களின் ஓரத்தில் "மேலும் படிக்க" என்று வேறு செய்திகளின் தலைப்புகள் தொங்குமே, அவற்றில் ஒன்றில் ஏற்காடும் மற்றொன்றில் காபியும் இருந்தால்கூட அந்தப் பக்கம் உங்களுக்கு வந்து சேர வாய்ப்புண்டு. அந்தத் தொல்லை அதிகமானால் மட்டும், தலைப்பில் உள்ள சொல்லை மட்டும் பார்க்கச் சொல்லும் 'இன்டைட்டில்' கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் சொல்லைப் போடுங்கள்.

'ஹவ் மெனி' என்ற இடத்தில் சிறந்த முடிவுகள் மட்டும் என்று இருந்தால், எல்லா முடிவுகளும் என்று மாற்றிவிடுங்கள். உங்களுடையதைப் போன்ற சிறிய தலைப்பில் ஒன்றிரண்டு கூடுதலாக வந்தாலும் பாரமில்லை. எதை மாற்றினாலும் கீழே முன்னோட்டம் தெரியும், மறுநாள் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பூச்சியைப் பற்றித் தனி அலர்ட் வையுங்கள். உங்கள் பக்கத்தில் அதை யார் யார் எப்படிச் சொல்கிறார்கள்?

மிளகுக்கொடி

ஐயா, விளக்கத்துக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே அந்தச் செய்தியைத் தேடி எடுத்தேன். தலைப்பில் "ஏற்காட்டில்" என்றும், உள்ளே இரண்டு இடங்களில் "ஏற்காட்டைச் சேர்ந்த" என்றும் இருந்ததே தவிர, ஏற்காடு என்ற வடிவம் ஓரிடத்திலும் இல்லை. பூச்சியை அப்பா போரர் என்பார். துண்டறிக்கையில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று இருக்கிறது. நாளிதழ்களில் தண்டு துளைப்பான் என்றும், தண்டு துளைக்கும் வண்டு என்றும் பார்த்திருக்கிறேன்.

பதில்: சேகோ கணக்கு

நான் ஆத்தூர்ப் பக்கம், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன். காபியைப் பற்றி எனக்குக் குடிக்க மட்டும்தான் தெரியும், ஆனால் பூச்சியின் பெயரால் நானும் ஏமாந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டு கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தது. கிழங்கு வரத்து குறைந்தால் எங்கள் ஆலைக்கு அரைக்க எதுவும் இருக்காது என்பதால், "மாவுப்பூச்சி" என்று பதிந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். 2022ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட, அந்தப் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துத்தான் வயலுக்கு விட்டார்கள். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. நான் பிறகு படித்த செய்தியில் "கள்ளிப்பூச்சி" என்று எழுதியிருந்தார்கள். மரவள்ளி என்ற பெயரும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் வாயில் அது குச்சிக்கிழங்கு, ஏட்டில் மரவள்ளி, செய்தியில் சில நேரம் வெறும் கிழங்கு.

அதன் பிறகு நான் கண்டுகொண்ட வழி, பூச்சியின் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில், மேற்கோள் குறிக்குள், தனி அலர்ட்டாகக் கொடுப்பது. அந்தப் பெயர் எந்த நாட்டிலும் எந்த மொழியிலும் மாறாது. ஆனால், அதில் ஆராய்ச்சிக் கட்டுரைகள்தான் அதிகம் வரும். ஊரில் நடக்கும் முகாமுக்குத் தமிழ்ப் பெயர்கள்தான் வேண்டும்.

பதில்: தலைச்சோலை

சேகோ கணக்கு அண்ணன் சொல்வது காபிக்கும் பொருந்தும், இன்னும் கூடுதலாகவே பொருந்தும். ஒயிட் ஸ்டெம் போரர் என்று ஆங்கிலத்தில் கொடுத்தால், அதே பெயருள்ள நெற்பயிர்ப் பூச்சியும் சேர்ந்து வரும். தென்கிழக்கு ஆசிய வயல்களைப் பற்றி நான் ஒரு மாதம் படித்தேன். காபிப் பூச்சியின் அறிவியல் பெயர் சைலோட்ரெக்கஸ் குவாட்ரிப்ஸ். அதற்கு மட்டும் ரீஜனை எல்லா இடமும் என்று வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை வரும்படி விடுங்கள்.

தமிழ் அலர்ட்டின் கால அளவைப் பூச்சியின் பருவத்தோடு மாற்றுங்கள். வண்டு பறந்து பட்டை வெடிப்புகளில் முட்டையிடுவது ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும்தான். பறப்பதற்கு முன்பே தண்டில் மேடு தட்டிய செடிகளைப் பார்த்து, வேரோடு எடுத்து எரித்தாக வேண்டும் என்பதால், செய்தி ஒரு வாரம் தாமதமானால் பயனில்லை. அந்த மாதங்களில் தினசரி, மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறை என்று நான் வைத்திருக்கிறேன்.

மிளகுக்கொடி

எல்லாருக்கும் நன்றி. பூச்சிக்குத் தமிழில் ஒன்று, அறிவியல் பெயரில் ஒன்று என்று இரண்டு அலர்ட் வைத்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. காபி வாரியம் தன் இணையதளத்தில் அன்றாட விலையைப் போடுகிறது என்று தெரிந்து, ஒரு தளத்துக்குள் மட்டும் தேடச் சொல்லும் 'சைட்' கட்டளையோடு அந்தத் தளத்தின் முகவரியைக் கொடுத்து ஓர் அலர்ட் வைத்தேன். பத்து நாட்களாகியும் விலை ஒன்றும் வரவில்லை. இதிலும் உருபுச் சிக்கல் இருக்குமா?

பதில்: நூலகப் படிக்கட்டு

இல்லை ஐயா, இது வேறு. அலர்ட்ஸ் என்பது தேடுபொறியின் கண்ணில் புதிதாகப் படும் பக்கங்களைச் சொல்வதற்கு ஏற்பட்டது. விலைப்பட்டியல் ஒரே முகவரியில் இருந்துகொண்டு உள்ளே எண்கள் மட்டும் மாறுகின்றன. அது புதிய பக்கம் என்ற கணக்கில் வராது. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியின் முகப்பில் குறியாக வைத்துக்கொண்டு நேரே போய்ப் பாருங்கள், அதுதான் குறுக்கு வழி. அதே தளத்தில் மானிய அறிவிப்பு தனிப் பக்கமாகவோ கோப்பாகவோ ஏறினால் அலர்ட் பிடிக்கலாம் என்பதால், அதை அழித்துவிடாதீர்கள்.

பதில்: தலைச்சோலை

விலைச் செய்திகளை அலர்ட்டில் வாங்கினால் அப்பாவுக்குச் சொல்வதற்கு முன் அலகைப் பாருங்கள். நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்றும், லண்டனில் ரொபஸ்டா ஒரு டன்னுக்கு இத்தனை டாலர் என்றும் வரும். நமக்குக் கணக்கு 50 கிலோ மூட்டைக்கு. 50 கிலோ என்பது ஏறத்தாழ 110 பவுண்டு. அதுவும் அங்கே சொல்வது தோல் நீக்கிய பச்சைக் கொட்டையின் விலை, நாம் விற்பது உள்தோல் நீக்காத பார்ச்மென்ட் அல்லது பழத்தோடு உலர்த்திய செர்ரி. நியூயார்க்கில் ஏறியது என்று தலைப்பைப் பார்த்துவிட்டு, வியாபாரியிடம் போய் வாதாடி வெட்கப்பட்டு வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மிளகுக்கொடி

இன்று காலை வந்ததைப் பதிந்துவிட்டு முடித்துக்கொள்கிறேன். மொத்தம் நான்கு இணைப்புகள். காபிப் பழம் பறிக்க ஆள் பற்றாக்குறை என்று ஏற்காட்டிலிருந்து ஒரு செய்தி; மலைப் பயிர்களுக்கான மானியம் பற்றி ஒன்று; வாழவந்தியில் தண்டுத் துளைப்பான் செயல்விளக்கம் வரும் வியாழக்கிழமை என்று ஒன்று. நான்காவது, ஏற்காட்டில் காபி குடித்தபடி மேகம் பார்க்க ஏற்ற இடங்கள் எவை என்று ஒரு பயணக் கட்டுரை. அதைக் கழிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன். அப்பாவிடம் வியாழக்கிழமைச் செய்தியைச் சொன்னேன். முதல் பேருந்துக்கே வந்துவிடு, இருவருமாகப் போவோம் என்றார்.