மூடி இல்லாத பி.ரி.ஓ. தண்டு: தம்பி வேலைக்குப் போகிற மெசின்

நெடுங்கேணியான்:
வணக்கம் அண்ணாமார். நெல்லுக்கு இப்போது வெட்டு மெசின் வந்துவிடுகிறது, உழுந்துக்கு எங்கள் பக்கம் இன்னும் உழவு மெசினில் பூட்டிய சூடடிக்கிற மெசின்தான். தம்பி அதோடு நாட்கூலிக்குப் போகிறான். உழவு மெசினின் எஞ்சினிலிருந்து அந்த மெசினைச் சுற்றவைக்கிற பி.ரி.ஓ. தண்டுக்கு மூடி இல்லை, கிறீஸ் அடிக்க இடைஞ்சல் என்று முதலாளி கழற்றிவிட்டாராம். போன கிழமை பக்கத்தில் நின்றவரின் சாரத்தைத் தண்டு இழுத்து, நல்ல காலம், சாரம் கிழிந்ததோடு போச்சுது. சொன்னால் "இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லையே" என்கிறார். ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?

பரந்தன் மெக்கானிக்:
பி.ரி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. துணி மாட்டினால் இழுத்துப் பிடிக்க நேரமே இல்லை, ஆளையும் சேர்த்துச் சுற்றிவிடும். கிறீஸ் கதை சும்மா கதை, மூடியைத் தள்ளிவிட்டு அடிக்கலாம். மூடியில் ஒரு சின்னச் சங்கிலி இருக்கும், அதை மெசினில் கொழுவவேண்டும், இல்லாவிட்டால் மூடியும் தண்டோடு சுற்றும், பேந்து போட்டும் பிரயோசனமில்லை. தம்பி சாரம் கட்டாமல் காற்சட்டையோடு போகட்டும், தோளில் துவாயும் வேண்டாம். செடி அடைபட்டால் எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்த பிறகுதான் கை வைக்கவேண்டும். கிளச்சை மிதித்துக்கொண்டு "எடடா எடடா" என்று கத்துகிற டிரைவரை நம்பக்கூடாது.

வவுனியா வாசி:
நாட்கூலி என்பதற்காகக் கைவிட முடியாது. முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்தவர் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி கேட்கலாம், 2022 திருத்தத்தோடு உச்சத் தொகை 20 இலட்சம். ஆனால் வேலை செய்ததைக் காட்டவேண்டும், கூலி கொடுத்த துண்டு, கூட நின்றவர்களின் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள்.

குளத்தடி:
லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று: இழுவைப் பெட்டியோடு குளக்கட்டால் இறங்கும்போது இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் வழமைக்கு மாறாக வலப்பக்கம் திரும்பும். புதிதாகப் பழகும் பெடியளுக்கு ஒருவரும் இதைச் சொல்வதில்லை. விரல் துண்டானால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், துண்டைச் சுத்தமான துணியில் சுற்றிப் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். நேரே ஐஸில் போட்டால் பழுதாகிவிடும்.

நெடுங்கேணியான்:
நன்றி அண்ணை. முதலாளி இப்போது மூடி வாங்கித் தந்தால் போடுகிறேன் என்கிறார். என்ன அளவு கேட்கிறது?

பரந்தன் மெக்கானிக்:
தண்டை முழுதாக உள்ளே தள்ளி ஒரு நீளம், இழுத்து ஒரு நீளம், அப்புறம் குறுக்கு மூட்டின் அளவு. காசு அவர்தான் போடவேண்டும், தம்பியிடம் கழிக்க விடாதீர்கள்.