ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நகரசபைக் கடிதங்களைத் தமிழில் விளங்கிக்கொள்வது எப்படி

ஸ்காபரோ பக்கம் புதிதாகக் குடியேறும் குடும்பங்களில் ஒரு பழக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். நகரசபைக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தால் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிடுவார்கள். "சனிக்கிழமை தம்பி வருவான், அவனிடம் காட்டுவம்." தம்பி வந்து சேர இரண்டு கிழமை ஆகும். இங்கே பல கடிதங்களுக்குப் பதில் சொல்ல இருக்கிற அவகாசமே அந்த இரண்டு கிழமைதான். வாகனத் தரிப்புக்கு வரும் தண்டச் சீட்டையே எடுங்கள். பணம் கட்டவோ, மறுபரிசீலனை கேட்கவோ 15 நாட்கள்தான் தருகிறார்கள்.

ஆகவே கடிதம் வந்த அன்றே, அது எதைப் பற்றியது, எந்தத் திகதிக்குள் என்ன செய்யவேண்டும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். முழு மொழிபெயர்ப்பைப் பிறகு பார்க்கலாம். இந்த இரண்டையும் அறிய ஒரு சதமும் செலவில்லை.

தொலைபேசியில் 311 அழுத்துங்கள். நகரசபையின் எல்லாப் பிரிவுகளுக்கும் இந்த ஒரே இலக்கம்தான், 24 மணிநேரமும் வேலை செய்யும். எடுத்தவர் ஆங்கிலத்தில் வேகமாகக் கதைத்தாலும் பதறவேண்டாம். "டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நகரசபை 180க்கும் மேற்பட்ட மொழிகளில் இப்படி ஆளை இணைத்துக் கொடுக்கிறது, தமிழும் அதில் உண்டு. இணைப்பில் மூன்று பேர் இருப்பீர்கள்: நீங்கள், அதிகாரி, மொழிபெயர்ப்பவர். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள கோப்பு இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுங்கள். முடிக்கும்போது சேவைக் கோரிக்கை இலக்கம் ஒன்றைக் கேட்டு, கடிதத்தின் மேலேயே திகதியோடு எழுதி வையுங்கள். பின்னர் "நீங்கள் தொடர்புகொள்ளவே இல்லை" என்று யாரும் சொன்னால் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

எழுத்தில் மொழிபெயர்ப்புக் கேட்பது வேறு விடயம். கனடாவின் ஆட்சிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். உங்களுக்கு வந்த தனிப்பட்ட கடிதத்தைத் தமிழில் எழுதித் தரவேண்டிய கட்டாயம் நகரசபைக்கு இல்லை. குப்பை பிரிப்பது, தேர்தலில் வாக்களிப்பது போன்ற எல்லாருக்குமான தகவல்களைத் தமிழிலும் வெளியிடுவதுண்டு, ஆனால் அவை கேட்காமல் வீடு தேடி வருவது அரிது. "இதற்குத் தமிழ்ப் பிரதி இருக்கிறதா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இல்லை என்றாலும், கேட்டதை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரே தெருவிலிருந்து நாலைந்து வீட்டார் எழுத்தில் கேட்டால் அதற்கு ஒரு கனம் உண்டு. உங்கள் வட்டார நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். அங்கே தமிழ் கதைக்கும் உதவியாளர் இருக்கிறாரா என்றும் கேட்டுப்பாருங்கள்.

நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது பக்கத்து வீட்டுக் கட்டட அறிவித்தலைத்தான் என்பது என் எண்ணம். அயலவர் ஒருவர் சட்ட அளவை மீறி வீட்டைப் பெருப்பிக்கச் சிறு விலக்குக் கேட்டால், 60 மீற்றர் சுற்றுவட்டத்துக்குள் உள்ளவர்களுக்கு அறிவித்தல் வரவேண்டும், விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன். நிலப் பயன்பாட்டு விதியையே மாற்றும் பெரிய விண்ணப்பமென்றால் 120 மீற்றர், 20 நாட்கள். விளம்பரத் தாள் என்று நினைத்து அதை எறிந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம், விண்ணப்பத்தை விசாரிக்கும் நகரசபைக் குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் அயலவர் மேன்முறையீடு செய்யலாம். 2022 நவம்பரில் ஒன்ராறியோ மாகாணம் சட்டத்தை மாற்றியபின், சிறு விலக்கு விடயத்தில் அயலவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. விசாரணை நாளில் சொல்வதும், அதற்கு முன் எழுதி அனுப்புவதும் மட்டும்தான் இன்று உங்களுக்கு மிஞ்சியிருக்கின்றன. உங்கள் சமையலறை யன்னலுக்கு நேரே சுவர் எழுந்தபிறகு அந்தத் தாளைத் தேடி ஒரு பயனும் இல்லை.

அந்த அறிவித்தலின் அடியில் பொறுப்பான அதிகாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். கிடைத்த உடனேயே அழைத்து, விசாரணையில் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் நாள் மாலை கேட்டால் ஆள் கிடைப்பது கடினம். முடிவின் பிரதி வேண்டுமென்றால் அதையும் எழுத்தில் கேட்கவேண்டும், கேட்காதவர்களுக்கு அது வராது.

வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு முக்கியமான தாள் உண்டு. ஆளில்லாத வீடுகளுக்கான வரி ரொறன்ரோவில் இருக்கிறது. நீங்களே குடும்பத்தோடு அந்த வீட்டில் வாழ்ந்தாலும், "இது வெறுமையாக இல்லை" என்று ஆண்டுதோறும் பதிவு செய்யவேண்டும். செய்யாவிட்டால் வெறுமையாகக் கிடந்த வீடு என்றே எடுத்துக்கொள்வார்கள். 2024ஆம் ஆண்டுக்கான வரியிலிருந்து விகிதம் வீட்டு மதிப்பீட்டின் 3 சதவீதம். மதிப்பீடு 7 இலட்சம் டொலர் என்றால் 21,000 டொலர்! 2024 வசந்த காலத்தில், சொந்த வீட்டில் குடியிருந்தும் இந்த வரிச் சீட்டைப் பெற்ற ஏராளமானோர் நகரசபையின் கதவைத் தட்டினார்கள். சீட்டு வந்துவிட்டால் முறைப்பாடு செய்ய வழியுண்டு, பேசாமல் கட்டிவிடாதீர்கள்.

நிலவறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வரும் "வெளியேறு" அறிவித்தல் நகரசபைக் கடிதம் அல்ல. அது மாகாணச் சட்டப்படி வீட்டுக்காரர் கொடுப்பது. அந்தத் தாள் கையில் வந்ததற்காக நீங்கள் பெட்டி கட்டவேண்டியதில்லை. வெளியேற்றும் கட்டளையை, வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிக்கும் மாகாண வாடகைச் சபை மட்டுமே பிறப்பிக்கலாம், அதை நிறைவேற்றுவதும் நீதிமன்ற அதிகாரியான ஷெரிஃப் மட்டும்தான். ஆனால் சபையின் விசாரணைக்குப் போகாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். அங்கே தமிழுக்கு ஆள் ஒழுங்குசெய்து வைத்திருப்பார்கள் என்று நம்பியும் போகாதீர்கள். அதற்கு முன்னரே சட்ட உதவி நிலையம் ஒன்றை அணுகுங்கள். ஒன்ராறியோ தென்னாசியச் சட்ட உதவி நிலையம் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது, தமிழிலும் கதைக்கலாம். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 211 அழுத்துங்கள், சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் இலக்கம் அது. நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களுக்குக் குடியேற்ற உதவி நிலையங்களில் படிவம் நிரப்புவது, கடிதம் வாசிப்பது எல்லாம் இலவசம். ரொறன்ரோ பொது நூலகத்தின் சில கிளைகளிலும் குடியேற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

கைத்தொலைபேசிக் கமராவைத் தாளுக்கு மேலே பிடித்துத் தமிழில் வாசிப்பதைப் பலர் செய்கிறார்கள். கடிதம் எந்த வகை என்று அறிய அது போதும். அதை நம்பிக் கையொப்பம் போடாதீர்கள். "செய்யாவிட்டால்" என்பது "செய்தால்" என்று வந்தாலும் அது உங்களுக்குச் சொல்லாது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆங்கிலம் கதைக்கும், உண்மை. அதற்காக வாடகை பாக்கிக் கடிதத்தையோ நீதிமன்ற அழைப்பையோ அதன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். வீட்டை இழக்கப்போகிறோம் என்பதை ஒரு குழந்தை தன் வாயாலேயே பெற்றோருக்குச் சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது. பயந்துபோய் பாதியை மறைத்துச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. நகரசபைக் கடிதமென்றால் 311இல் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் அதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறார், மற்றவற்றுக்கு மேலே சொன்ன சட்ட உதவி நிலையம் இருக்கிறது.

ஊரிலிருந்து கொண்டுவந்த பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஆங்கிலமாக்கும்போது மட்டும் இந்த இலவச வழிகள் உதவாது. ஒன்ராறியோ மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்று பெற்றவரிடமே கொடுங்கள். குடிவரவுத் திணைக்களம், விண்ணப்பிப்பவரின் உறவினர் செய்த மொழிபெயர்ப்பை அவர் சான்று பெற்றவராக இருந்தாலும் ஏற்காது.

மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்: மேலே சொன்ன ஆளில்லாத வீட்டு வரியும் 15 நாள் கணக்கும் ரொறன்ரோ எல்லைக்குள் இருப்பவர்களுக்கானவை. உங்கள் நகரசபை வேறு, அதன் விதிகளும் வேறு. வரிச் சீட்டின் தலைப்பில் எந்த நகரத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேயே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கேயும் கேட்கலாம்.