டெபியன் 12: மெசாவைப் பழைய பதிப்புக்கு இறக்க உதவி வேண்டும்

வணக்கம். டெபியன் 12 லினக்ஸில் பேக்போர்ட்ஸிலிருந்து (புதிய பதிப்புகளைத் தரும் கூடுதல் களஞ்சியம்) ஏற்றிய மெசாவை (வரைகலை இயக்கி நூலகம்), டெபியன் 12-இன் வழக்கமான 22.3.6-க்கே திருப்ப வேண்டும். ஆப்ட் என்ற தொகுப்பு மேலாளரின் பிரிஃபரன்ஸஸ் கோப்பில், மெசா மூலத்தொகுப்பின் (ஒரே மூலநிரலிலிருந்து உருவாகும் தொகுப்புகள் அனைத்தும்) அந்தப் பழைய பதிப்புக்கு மட்டும் முன்னுரிமை 1001 கொடுத்திருக்கிறேன். 1000-க்குக் கீழே வைத்தால் ஆப்ட் பதிப்பைக் கீழிறக்காது.

64 பிட் தொகுப்பை மட்டும் இறக்கச் சொன்னால், ஒத்திகை ஓட்டத்திலேயே (எதையும் மாற்றாமல் விளைவை மட்டும் காட்டுவது) 32 பிட் நூலகங்களை நீக்கப் பார்க்கிறது. இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டுமே! ஆகவே 64 பிட், 32 பிட் என இரண்டு கட்டமைப்புகளின் தொகுப்புகளையும் ஒரே கட்டளையில் தரப்போகிறேன்.

சிக்கல் லிப்டிஆர்எம்தான் (மெசா கர்னலோடு பேசப் பயன்படுத்தும் நூலகம்). அது தனி மூலத்தொகுப்பு என்பதால் புதிய பதிப்பிலேயே நிற்கும். அதோடு பழைய மெசாவை ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, அதையும் சேர்த்தே இறக்கட்டுமா? ஹோல்ட் போடும் (தொகுப்பை அதே பதிப்பில் பூட்டிவைக்கும்) யோசனை வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும்.