எடை ஏறாத பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தீர்களா?

கருங்கல், ஒரு அம்மா:
என் மகளுக்கு மூன்றரை வயதில் எடை 11 கிலோதான். அங்கன்வாடி அட்டையில் புள்ளி மஞ்சள் பகுதியில், அதாவது எடைக்குறைவில், விழுந்தது. பூச்சி மருந்து, பசி டானிக், ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. மரச்சீனியும் சாளைக் கறியும் வைத்தால் ஆசையாக வாங்குவாள். பத்து நிமிடம் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்துவிட்டுத் துப்பிவிடுவாள். பிடிவாதம் என்று அதட்டியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் மனசு கலங்குகிறது.

ஒரு ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழுதாள். மாமிதான், "வாயைத் திற மக்ளே" என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். மேல் முன்பல் நான்கும் ஈறு ஓரத்தில் பழுப்பாகக் கரைந்திருந்தன. கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு குழி, அதற்குள் ஒரு சோற்றுப் பருக்கை.

கீழ் முன்பற்கள் மட்டும் சுத்தம். பாட்டிலில் குடிக்கும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்ளும் என்று நாகர்கோவிலில் பல் டாக்டர் விளக்கினார். கருப்பட்டி போட்ட பாலைப் பாட்டிலில் கொடுத்துத்தான் தூங்க வைப்போம். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்றிருந்தோம். பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான். தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் அது பல்லிலேயே தங்கிவிடுமாம்.

கடைவாய்ப்பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போட்டார்கள். பாட்டிலை நிறுத்தினோம். நான்கு மாதத்தில் 12 கிலோவைத் தாண்டினாள். இப்போது சாளையை முள்ளெடுத்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் மெல்லுகிறாள்.

தக்கலை, பல் மருத்துவமனை ஊழியர்:
இப்படி வருகிற பிள்ளைகள் நிறைய. வலியால் சாப்பாடு குறையும், தூக்கமும் கெடும். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கும். எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சொத்தை நரம்பு வரை போன பால்பற்களைப் பிடுங்கிய பிறகு எடை கூடியதாகப் பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. "விழப்போகிற பல்தானே" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். ஃப்ளோரைடு பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி மணி அளவு, அப்புறம் பட்டாணி அளவு போதும்.

குளச்சல், ஒரு அம்மா:
என் பையன் நேர்மாறு. நாலு வயதில் 22 கிலோ, ஆனாலும் ஆறு பல் சொத்தை. பிஸ்கட்டும் ஜூஸும் எடையையும் ஏற்றின, பல்லையும் அரித்தன. குண்டாக இருக்கிறான், பல்லுக்கு என்ன வரப்போகிறது என்று நானும் பார்க்கவில்லை. எடை போடுகிற நாளிலேயே உதட்டையும் தூக்கிப் பார்க்கும்படி எங்கள் அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.